கைநாட்டும் கணிப்பொறியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



கழகத்தின் வரலாற்றை எடுத்துரைக்கத் தகுதி வாய்ந்த மூத்தோர் பலர் இம்மேடையில் உளர். அறிவியல் அரங்கில் ஏதேனும் ஒரு பொருள் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். பொருளை நம் விருப்பத்திற்கே விட்டுவிட்டமையால், கணிப்பொறி ஒரு படத்தை மற்றொரு படத்தோடு ஒப்பிட்டு எங்ஙனம் பொருத்தம் காண்கின்றது என்பதைப் பற்றிப் பேசலாம் எனக் கருதினோம். பொறியியலிலும் பார்வை ஆராய்ச்சியிலும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் உழைத்துவரும் துறை இது. நம் மக்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு நம் விரல் நுனியிலேயே இருக்கின்றது.

கைநாட்டு என்னும் சொல்லை இங்குள்ள மூத்தோர் நன்கறிவர். செயலின் பெயராகத் தொடங்கி ஆளின் பெயராக மாறிய சொல் அது. எழுதப் படிக்கத் தெரியாதவரை, “அவனா? கைநாட்டு” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாத தாளில் மை பூசிய பெருவிரலை வைத்ததனால் கைவிட்டுப்போன நிலங்களின் கதைகளைக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆகவேதான் கழகம் தொடங்கிய முதலாண்டில் நடத்திய இரவுப் பள்ளியில் முதற்பாடம் அரிச்சுவடியாக அமையவில்லை. தத்தம் பெயரைத் தாமே எழுதும் கையொப்பமே முதற்பாடமாக அமைந்தது. எம் அத்தை ஒருவர் அப்பள்ளியில் மூன்று மாதம் பயின்று கையொப்பம் கற்றார். அவர் கற்ற எழுத்துகள் அவ்வளவே. ஆயினும் அதன்பின் ஒரு தாளிலும் பெருவிரல் வைத்தாரில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளுக்கு 2020-இல் விரல்ரேகைக் கருவி வந்தது. இப்பொழுது கடைக்குச் சென்றால் கையொப்பத்தை ஒருவரும் கேட்பதில்லை. விரலை வையுங்கள் என்கின்றனர். பொறியியற் பட்டம் பெற்ற பேரன் சென்றாலும் விரலைத்தான் வைக்க வேண்டும். ஒரு வகையில் நாடே கைநாட்டாகிவிட்டது எனலாம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் அத்தையுடன் நாமும் கடைக்குச் சென்றிருந்தோம். அவர் வலக்கைப் பெருவிரலை வைத்தார். பொருந்தவில்லை என்றது கருவி. முந்தானையால் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார், பொருந்தவில்லை. சுட்டுவிரலை வைத்தார், அதுவும் பொருந்தவில்லை. விற்பனையாளர் கெட்டவர் அல்லர். அவர் தம்மிடமிருந்த ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்னும் பயனில்லை. வரிசையில் நின்றோர் முணுமுணுக்கத் தொடங்கினர். “நாளைக்கு வாங்கம்மா” என்று சொல்லப்பட்டது. வீடு திரும்பும் வழியில் அத்தை எம்மிடம் கேட்டார்: “ஏம்ப்பா, நான் நான் இல்லேன்னு அந்த மெஷின் சொல்லுதா?”

அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். விடை சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

அனைவரும் சுட்டுவிரலை முகத்திற்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். முதலில் இடக்கண்ணை மூடுங்கள். பிறகு அதைத் திறந்து வலக்கண்ணை மூடுங்கள். விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். தொலைவிலுள்ள மேடைத் தூணோ அவ்வளவாகப் பெயர்வதில்லை. இரு கண்களிலும் விழும் படங்களுக்கு இடையேயுள்ள இவ்வேறுபாட்டைக் கொண்டே எது அண்மையில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்பதை மூளை அறிகின்றது. ஆனால் அங்ஙனம் அறிவதற்கு முன்னர், இடக்கண் படத்திலுள்ள எந்தப் புள்ளி வலக்கண் படத்திலுள்ள எந்தப் புள்ளிக்கு இணை என்று அது முடிவு செய்தாக வேண்டும். பொருத்தம் காணும் சிக்கல் என்று ஆராய்ச்சியாளர் கூறுவது இதனையே.

முதலில் பொருளை இன்னதென்று அடையாளம் கண்டு, பின்னரே இரு படங்களையும் மூளை பொருத்துகின்றது எனப் பலர் எண்ணியிருந்தனர். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய பேலா ஜூலஸ் என்பார் 1960-இல் அவ்வெண்ணத்தைத் தகர்த்தார். கணிப்பொறியைக் கொண்டு ஒழுங்கற்ற கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் நிரம்பிய இரு படங்களை அவர் ஆக்கினார். தனித்தனியே பார்த்தால் மணலைத் தூவியது போன்ற தோற்றமே தென்படும். அவற்றுள் உருவம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு படத்தின் நடுப்பகுதிப் புள்ளிகளை மட்டும் சிறிது பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார். இரண்டையும் இரு கண்களால் சேர்த்து நோக்கியபோது நடுவில் ஒரு சதுரம் மேலெழுந்து மிதந்தது. பொருள் இன்னதென்று அறியாமலே பொருத்தம் காண இயலும் என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் ஒரு புள்ளிக்கு இணையாகக் கூடிய புள்ளிகள் மறுபடத்தில் நூற்றுக்கணக்கில் உள்ளனவே, சரியானதைத் தேர்வது எங்ஙனம்? டேவிட் மார் என்னும் ஆங்கிலேயரும் டொமாசோ போஜியோ என்னும் இத்தாலியரும் 1976-இல் இதற்கு ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டனர். அவர்கள் இயற்கையைப் பற்றிய இரண்டே உண்மைகளை விதிகளாகக் கொண்டனர். ஒரு புள்ளி ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆகவே அதற்கு ஓர் இணைக்கு மேல் கூடாது. பொருள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் தொடர்ச்சியானது. ஆகவே அடுத்தடுத்த புள்ளிகளின் தொலைவு பெரும்பாலும் ஒத்திருக்கும். இவ்விரண்டையும் வைத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஆதரித்தும் மறுத்தும் ஒரு முடிவுக்கு வருமாறு செய்தனர். ஊர்க் கூட்டத்தில் பேசிப் பேசி முடிவுக்கு வருவதை ஒத்தது என்று வைத்துக்கொள்ளலாம்; சில ஊர்க் கூட்டங்களைவிட நேர்மையானது என்றும் சொல்லலாம். மார் 1980-இல் தமது முப்பத்தைந்தாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். பார்வையைப் பற்றிய அவரது பெருநூல் அவர் மறைந்தபின் 1982-இல் வெளிவந்தது.

கண்களைவிட்டு இனிப் பொறிகளுக்கு வருவோம். பொறிக்குப் படம் என்பது எண்களின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண். இலட்சக்கணக்கான எண்களுள் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க இயலாது, ஒப்பிட்டாலும் பயனில்லை. வெள்ளையடித்த சுவரின் நடுவே ஒரு புள்ளியைக் காட்டி, அடுத்த படத்தில் அதே புள்ளி எங்கே என்று கேட்டால் மனிதராலும் சொல்ல இயலாது. ஒரு கோட்டின் நடுவிலுள்ள புள்ளியும் அவ்வாறே; கோட்டின் நீளத்தில் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். ஆனால் சுவரும் சுவரும் கூடும் மூலையைக் காட்டினால் எவரும் உடனே சொல்லிவிடுவர். ஆகவே படம் முழுவதையும் விட்டுவிட்டு, மூலை போன்ற தனித்தன்மை வாய்ந்த இடங்களை மட்டும் பொறி பொறுக்கி எடுக்க வேண்டும். இவற்றையே அடையாளக் கூறுகள் என்கின்றோம்.

ஹான்ஸ் மொராவெக் என்பார் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வண்டியில் ஒளிப்படக் கருவியைப் பூட்டி, அடையாளக் கூறுகளை மட்டும் கொண்டு தானே வழி காணுமாறு செய்தார். அவ்வண்டி 1979-இல் நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையை மனிதர் துணையின்றிக் கடந்தது. கடந்த தொலைவு 20 மீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ ஐந்து மணி. நம் ஊர் மாட்டு வண்டியை ஏளனம் செய்வோர் இதனை நினைவிற் கொள்க. ஆனால் அவ்வழி வந்த அறிவே 2004-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்னும் ஊர்திகள் தாம் நகர்ந்த தொலைவைத் தாமே அளந்தறிய உதவிற்று. இடையில் 1988-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் ஹாரிஸ், மைக் ஸ்டீஃபன்ஸ் இருவரும் மூலைகளைக் கண்டறியும் செம்மையான கணித முறையை வகுத்தனர். ஒரு சிறு சாளரத்தின் வழியே படத்தைப் பார்த்துக்கொண்டு சாளரத்தை எத்திசையில் நகர்த்தினாலும் காட்சி மாறுமாயின் அது மூலை. ஒரு திசையில் மட்டும் மாறுமாயின் அது விளிம்பு. எத்திசையிலும் மாறாதாயின் அது வெற்றுச் சுவர். கல்லூரி முதலாண்டுக் கணிதம் அறிந்த மாணவர் இதனை ஒரே நாளில் கற்றுவிடலாம்.

மூலையைக் கண்டுவிட்டால் போதாது. அதனை விவரிக்கவும் வேண்டும். படம் சாய்ந்திருக்கலாம், சிறுத்திருக்கலாம், வெளிச்சம் மாறியிருக்கலாம். கனடாவின் வான்கூவரில் பேராசிரியராக இருந்த டேவிட் லோ 1999-இல் வெளியிட்டு 2004-இல் விரிவாக்கிய முறை இங்கு பெரும் புகழ் பெற்றது. ஓர் அடையாளக் கூற்றைச் சுற்றியுள்ள பகுதியை அவர் 16 சிறு கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எத்திசை நோக்கி மாறுகின்றது என்பதை 8 திசைகளில் அளந்தார். ஆக 128 எண்கள். ஒரு படத்தில் ஒரு கூற்றின் 128 எண்களுக்கு மிக நெருங்கிய 128 எண்களை மறுபடத்தில் தேடுவதே பொருத்தம் காணல்.

மிக நெருங்கியது என்று ஒன்று எப்பொழுதும் இருக்கத்தான் செய்யும். ஆயிரம் தவறானவற்றுள்ளும் ஒன்று மற்றவற்றைவிட நெருங்கியதாக இருக்கும். அதனையே சரி என்று கொண்டால் பெரும்பிழை நேரும். ஆகவே லோ ஓர் எளிய சோதனையை வைத்தார். முதலாவதாக நெருங்கியதன் தொலைவையும், இரண்டாவதாக நெருங்கியதன் தொலைவையும் பாருங்கள். முதலாவது தெளிவாக முந்தி நின்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் “தெரியவில்லை” என்று விட்டுவிடுங்கள். ஓடு வேய்ந்த கூரையில் எல்லா ஓடும் ஒன்றுபோல் இருக்கும். அங்கே இந்த ஓடுதான் அந்த ஓடு என்று அடித்துச் சொல்லலாகாது. முதல் தொலைவு இரண்டாவதில் 0.8 பங்கிற்கு மேற்படுமானால் தள்ளிவிட வேண்டும் என்று அவர் வகுத்தார். இதனால் தவறான பொருத்தங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு நீங்கின. சரியானவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகவே இழக்க நேர்ந்தது. தெரியவில்லை என்று சொல்ல ஒரு பொறியைப் பழக்கியதே அம்முறையின் மேன்மை என்பது எம் கருத்து. இதனை நினைவில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம், பிறகு தேவைப்படும்.

பொருத்தம் என்றவுடன் கல்யாணத் தரகர் நினைவு சிலருக்கு வந்திருக்கும். அதுவும் ஒரு பொருத்த முறையே. பத்துக் கூறுகளைப் பொறுக்கி எடுத்து, எத்தனை பொருந்தின என்று எண்ணி, இத்தனைக்கு மேல் இருந்தால் சரி என்று ஒரு வரம்பு வைத்துத் தீர்ப்புக் கூறுகின்றனர். மாப்பிள்ளை குடிப்பவரா என்பது அப்பத்தினுள் இல்லை. ஆகவே அம்முறைக்கு அது தெரியாது. எந்தப் பொருத்த முறையும் தான் பொறுக்கிய கூறுகளை மட்டுமே அறியும்.

இனி விரல்ரேகைக்கு வருவோம். இக்கலை நம் நாட்டு மண்ணில் வளர்ந்தது என்பதைப் பலர் அறியார். வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அலுவலர், சாலைப் பணிக்குப் பொருள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பாரின் கைப்பதிவை ஒப்பந்தத் தாளில் எடுத்தார். கோனாய் கையொப்பம் இடத் தெரிந்தவரே. அக்கையொப்பத்தைப் பின்னாளில் மறுக்கத் துணியாதவாறு அச்சுறுத்தவே கைப்பதிவு எடுக்கப்பட்டது. கையெழுத்தின்மீது கொண்ட ஐயத்திலிருந்தே கைநாட்டு பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கல்கத்தாவில் 1897-இல் விரல்ரேகைக் கூடம் அமைந்தது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் கணித முறையை உருவாக்குவதில் பெரும்பணி ஆற்றியவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள். பத்து விரல்களிலும் சுழி உண்டா இல்லையா என்று பார்த்து, எல்லாப் பதிவுகளையும் 1,024 அறைகளில் அடக்கும் ஏற்பாடு அது. இரண்டைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், மாணவர்களே, விடை கிடைக்கும். ஆனால் உலகெங்கும் அம்முறை அவர்களது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே வழங்கிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தமிழ்நாட்டிலும் ரேகைக்கு ஒரு துயர வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர்.

விரல் நுனித்தோலில் மெல்லிய வரிகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன. ஒரு வரி ஓரிடத்தில் திடீரென முடியும். மற்றொரு வரி ஓரிடத்தில் இரண்டாகக் கவைத்துப் பிரியும். ஃபிரான்சிஸ் கால்டன் 1892-இல் தம் நூலில் விரித்துரைத்த நுண்கூறுகள் இவையே. கருவி விரலைப் படமெடுத்து, வரிகளை மெலிதாக்கி, எங்கெங்கே முடிவு, எங்கெங்கே கவை, ஒவ்வொன்றும் எத்திசை நோக்கியது என்று ஒரு பட்டியல் ஆக்குகின்றது. ஆதார் பதிவின்போது எடுத்த ரேகையிலிருந்தும் அத்தகைய பட்டியல் உண்டு. இரு பட்டியல்களையும் திருப்பியும் நகர்த்தியும் வைத்து, எத்தனை நுண்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று எண்ணி, ஒரு மதிப்பெண் இடப்படுகின்றது. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் அரிசி உண்டு, தாண்டாவிட்டால் இல்லை.

அவ்வரம்பை வகுப்பவர் மனிதர். அதனை உயர்த்தினால் பிறர் நம் பெயரில் வாங்கிச் செல்வது குறையும். ஆனால் உரியவரே திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் உரியவர் பிழைப்பர். ஏமாற்றுவோரும் சிலர் நுழைவர். இரு பிழைகளையும் ஒருங்கே ஒழிக்கும் வரம்பு இல்லை. எப்பிழையை எவர் தலையில் சுமத்துவது என்பது கணக்கினால் முடிவாகும் செய்தியன்று.

மேலும் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். “இவர் இன்னார்தாமா?” என்று ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுவது ஒன்று, “இவர் யார்?” என்று ஒருவரை அனைவரோடும் ஒப்பிடுவது மற்றொன்று. பத்து இலட்சம் ஒப்பீட்டில் ஒரே முறை தவறும் சிறந்த பொறியை எடுத்துக்கொள்வோம். அதனை 100 கோடிப் பேரின் பதிவோடு ஒப்பிட்டால், தவறாகப் பொருந்துவோர் ஆயிரம் பேர் வந்து நிற்பர். ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் 2004 மார்ச்சில் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பான்கள் இருந்த பையிலிருந்து கிடைத்த ரேகையை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கணிப்பொறி தன் பெருந்தொகுப்பில் தேடிச் சிலரைக் காட்டிற்று. அவருள் ஒருவர் ஓரிகன் மாநிலத்து வழக்குரைஞர். அவருடையதே என்று வல்லுநர்களும் உறுதி கூறினர். அவர் இரு வாரம் காவலில் இருந்தார். அது வேறொருவரின் ரேகை என்று ஸ்பெயின் நாட்டுக் காவல்துறை காட்டியபின் விடுவிக்கப்பட்டார். அரசு மன்னிப்புக் கோரி, 2006-இல் 20 இலட்சம் டாலர் இழப்பீடும் தந்தது. பெருந்தொகுப்பில் தேடினால் மிகவும் ஒத்திருக்கும் அயலார் கிடைத்தே தீருவர் என்பதை வல்லுநரும் மறந்தனர்.

கடையில் நிகழ்ந்ததோ முதல் வகை. ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுவது. அது எளிது. பின் ஏன் தவறிற்று?

எம் அத்தை இளமையில் நாற்று நட்டார், பிறகு முப்பது ஆண்டுகள் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தார், செங்கல் அடுக்கினார், கலவையைக் கையாலேயே அள்ளினார். சிமெண்டுக் கலவை காரத்தன்மை உடையது, தோலை அரிக்கும். செங்கல்லோ உரைத்தாள் போன்றது. நாள்தோறும் உரசி உரசி வரிமேடுகள் தேய்ந்து தட்டையாகின்றன. வெடிப்புகள் வரிகளை ஊடறுத்து இல்லாத முடிவுகளைத் தோற்றுவிக்கின்றன. முதுமையில் தோல் உலர்ந்து சுருங்குகின்றது. சுண்ணாம்புக் காளவாய், கல்லுடைப்பு, தோல் பதனிடல், பாத்திரம் துலக்கல், வெளுப்பு, துப்புரவு ஆகிய எந்தத் தொழிலை எடுத்தாலும் கதை இதுவே. இத்தொழில்களில் எவர் கைகள் மிகுதி என்பதை இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. எழுதுகோல் பிடித்த விரல் கருவிக்குத் தெளிவாகத் தெரிகின்றது. நாட்டைக் கட்டிய விரல் தெரியவில்லை.

இங்கேதான் அத்தையின் கேள்விக்கு விடை உள்ளது. மதிப்பெண் குறைவதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று, நுண்கூறுகள் தெளிவாக இருந்தும் அவை வேறாக இருத்தல். அப்பொழுது ஆள் வேறு. மற்றொன்று, ஒப்பிடப் போதிய நுண்கூறுகளே இல்லாதிருத்தல். அப்பொழுது ஆள் யார் என்று கருவிக்குத் தெரியாது, அவ்வளவே. முன்னது மறுப்பு; பின்னது அறியாமை. கடைக் கருவி இரண்டிற்கும் ஒரே விடையைத் தருகின்றது: பொருந்தவில்லை. லோவின் முறை ஓட்டுக் கூரையைக் கண்டு தெரியவில்லை என்று ஒதுங்கியதே, அந்த அடக்கம் இங்கில்லை. வெள்ளைச் சுவரைக் காட்டி மூலை எங்கே என்று கேட்டுவிட்டு, மூலை இல்லாததற்குச் சுவரைத் தண்டிப்பது போன்றது இது.

இதைச் செய்ய இயலாதென்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். அமெரிக்கத் தர நிறுவனம் 2004-இலேயே, பொருத்தம் காண்பதற்கு முன்னர் ரேகைப் படத்தின் தரத்தை அளந்து ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்தும் மென்பொருளை வெளியிட்டது. ஐந்து என்று வந்தால், இவ்விரலை வைத்து முடிவு கூறாதே என்று பொருள். பத்து விரல்களுள் நன்கு பதியும் விரல் எது எனக் கண்டறியும் முறையை ஆதார் ஆணையமும் வகுத்துள்ளது. கருவிழிப் பதிவும் உண்டு. இவை யாவும் உள்ளன என்பதை வரிசையில் நிற்பவரிடம் எவரும் சொல்வதில்லை, குறை அதுதான்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார்வழி உறுதிப்படுத்தல் தவறும் அளவு பற்றிய மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது. ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49, இராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6. மின்னிணைப்புக் கோளாறு போன்ற பிற காரணங்களும் இவ்வகைத் தவறுதல்களில் கலந்துவரும். தேய்ந்த விரலை மட்டும் குற்றம் சொல்லலாகாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நால்வருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையால், நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பதை ஏற்றது. அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், ரேகை பொருந்தாமை காரணமாக உரியவருக்கு உணவுப்பொருளை மறுக்கலாகாது, விதிவிலக்காகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விடுத்திருந்தது.

முகம் அறியும் பொறிகளைப் பற்றிச் சுருங்கக் கூறி முடிப்போம். அண்மைக் காலத்தில் அடையாளக் கூறுகளை மனிதர் வகுத்துக் கொடுப்பதில்லை. இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பொறியே கற்றுக்கொள்கின்றது. எவர் முகங்களைக் காட்டினோமோ அவர் முகங்களையே அது நன்கு கற்கும். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பின ஆராய்ச்சியாளப் பெண்மணிகள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் பொறிகளை 2018-இல் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கருநிறப் பெண்களிடம் ஒரு பொறியின் பிழை நூற்றுக்கு 34.7. அமெரிக்கத் தர நிறுவனம் 2019-இல் முகப் பொருத்த முறைகளை ஆராய்ந்தபோது, பல முறைகளில் ஆசியர், ஆப்பிரிக்க-அமெரிக்கர் ஆகியோரைப் பிறரெனத் தவறாகப் பொருத்தும் பிழை, வெள்ளையரிடம் காணும் பிழையைப்போலப் பத்து முதல் நூறு மடங்கு வரை இருந்தது. இப்பிழைகளைக் கண்டவர்கள் வெளியே நின்று வசைபாடியவர்கள் அல்லர். கணிதம் கற்று, பொறியைத் திறந்து, எண்ணிக் காட்டியவர்கள்.

அத்தையின் செய்தியைச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் எம்மை விடமாட்டார்கள். மூன்றாம் முறை சென்றபோது அச்சுற்றறிக்கையின் படி ஒன்றைக் கையோடு கொண்டு சென்றோம். விற்பனையாளர் அதனைப் படித்துவிட்டு, மேலலுவலரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அலமாரியிலிருந்து புத்தம்புதிய பதிவேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு அத்தையை நோக்கி, “அம்மா, கையெழுத்துப் போடத் தெரியுமா, இல்லே கைநாட்டா?” என்று கேட்டார்.

அத்தை எழுதுகோலை வாங்கிப் பெயரை எழுதினார். சற்று நேரம் பிடித்தது. பின்னர் ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது அவரது இடக்கை மோதிர விரல் நன்கு பதிவது தெரியவந்தது. இப்பொழுது அவ்விரலையே வைக்கின்றார்.

வெளிக்கூடத்து மேசையில் மைத்தட்டும் வெள்ளை அட்டைகளும் பூதக்கண்ணாடிகள் ஆறும் வைத்துள்ளோம். மாணவர்கள் உணவு இடைவேளையில் வந்து தம் விரலிலும் தம் பெற்றோர் விரலிலும் வரி முடிவுகளையும் கவைகளையும் எண்ணிப் பார்க்கலாம். எடுத்த அட்டையை அவரவரே வீட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும். மேசையில் விட்டுச் செல்ல வேண்டாம்.